காகித வருஷம், பருத்தி வருஷம்

ஜூன் பதினான்காம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வசுமதி தன் கணவனிடம் வெள்ளி கேட்டாள். குடமோ தட்டோ கேட்கவில்லை. ஒரே ஒரு ஸ்பூன் போதும் என்றாள்.

பெஞ்சமின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலரைத் திருப்பிப் போட்டு ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "வெள்ளிக்கு இன்னும் ரெண்டு வருஷம் கீதே" என்றான்.

"இல்ல. இந்த வருஷந்தான்."

"இன்னா வசு, போன மாசந்தானே சர்ச்சுல மைக்கப் புடிச்சி இருபத்தி மூணுன்னு சொல்லிட்டு வந்தோம்? பத்து நாள்ல ரெண்டு வருஷம் ஓடிப்பூடுமா?"

"அது உங்க அக்கா கணக்கு. நான் சொல்றது நம்ம கணக்கு."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் அப்படியே நின்றது. துணி கருகிவிடுமே என்றுதான் அவன் கை மறுபடி நகர்ந்தது. வசுமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருபத்து மூன்று வருஷமாக அவர்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. இன்று காலை இட்லிப் பானையை இறக்கி வைத்ததும் தானாகவே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

மகள் சிநேகா ஓ.எம்.ஆர். போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நின்றபடி இட்லி தின்றுகொண்டிருந்தாள். இந்த வாக்குவாதத்தில் அவள் அவசரம் எங்கோ போய்விட்டது.

"இன்னாம்மா இது, ஆளுக்கு ஒரு கணக்கு? அப்பா, அம்மா சொல்றது இன்னா?"

"நீ கெளம்பு. பஸ்ஸு போயிடும்" என்றான் பெஞ்சமின்.

"போனா போவட்டும். எனக்குக் கதை வேணும்."

கதை பெரியதுதான். ஆனால் கொஞ்ச வார்த்தையில் சொல்லிவிடலாம். அவர்களுக்கு இரண்டு கல்யாணம். ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, வெள்ளைப் புடவையும் தலையில் வலையும் கையில் பூங்கொத்தும், அது இரண்டாவது. முதலாவதற்கு போட்டோ கிடையாது. இரண்டாயிரமாவது வருஷம் ஜூன் பதினான்கு, புதன்கிழமை, செங்கல்பட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. அதற்கு முப்பது நாள் முன்னாலேயே அவர்கள் பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஊரில் அத்தனை சொந்தக்காரர்கள் இருந்தும் ஒருவர்கூட அந்தப் பலகையைப் படிக்கவில்லை. அந்த மாதிரிப் பலகைகளை யாரும் படிப்பதில்லை என்பதை நம்பித்தான் அவர்கள் துணிந்தார்கள்.

அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் பெயர் வசுமதி, திருப்போரூர் பாலசுப்ரமணியன் மகள். இரண்டாவது கல்யாணத்தில் மணப்பெண்ணின் பெயர் பிரிசில்லா. இரண்டு பேரும் ஒருத்திதான். சர்ச்சில், தெருவில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் நடத்துகிற ஃபேன்ஸி கடையில் எல்லோருக்கும் அவள் பிரிசில்லா. வீட்டுக்குள், அதுவும் வேறு யாரும் இல்லாதபோது, பெஞ்சமினுக்கு மட்டும் வசு.

"அப்டின்னா ரெண்டு வாட்டி கல்யாணம் பண்ணிகினீங்களா? அதுவும் ஒரே ஆளையே?" சிநேகா தட்டைக் கீழே வைத்தாள். "சூப்பர்மா! இத இத்தினி வருஷம் எங்கிட்ட மறைச்சிகினு இருந்தீங்களா?"

பெஞ்சமின் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான்.

*

வெள்ளி என்பது வசுமதியின் தலையில் எங்கிருந்து வந்தது என்றால், மாமல்லபுரத்தில் அப்துல் சுபஹான் பாயின் கடையிலிருந்து வந்தது. கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில் சங்கு, சிப்பி மாலை, மாக்கல் யானை எல்லாம் விற்கிற கடை. இருபத்து மூன்று வயது வசுமதி திருப்போரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே விற்பனைக்கு நின்றாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். வெள்ளைக்காரர்கள் கல்யாண நாளுக்கு வருஷத்துக்கு ஒரு பொருள் என்று முறை வைத்திருக்கிறார்கள் என்பதை யாரோ ஒரு சுற்றுலாப் பயணி பாயிடம் சொல்லப்போக, பாய் அதைப் பெயின்டில் எழுதி மாட்டிவிட்டார். முதல் வருஷம் காகிதம். இரண்டாவது பருத்தி. மூன்றாவது தோல். நாலாவது பூ. ஐந்தாவது கல். எட்டாவது சங்கு. இப்படியே இருபது வரைக்கும் போகும்.

பொருளைச் சொன்னால் போதாது, அதன் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் வாங்குவார்கள் என்பது பாயின் கட்டளை. வசுமதி மனப்பாடம் செய்து தன்னுடைய பள்ளிக்கூட இங்கிலீஷில் ஒப்பிப்பாள். காகிதம் சுலபமாகக் கிழியும், ஆனால் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், புதுக் குடும்பம் அப்படித்தான். பருத்தி ஒற்றை இழையாக இருந்தால் ஊதினால் பறக்கும், சேர்த்து முறுக்கினால் ஆளைத் தாங்கும். தோல் பழகப் பழக மெத்தென்று ஆகும். கல்லானால் இனிமேல் யாரும் அசைக்க முடியாது.

வெள்ளைக்காரர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவன் பெஞ்சமின். பக்கத்து ஹோட்டல் வரவேற்பில் வேலை. அவர்கள் உள்ளே சாமான் பார்க்கும்போது அவன் வாசலிலேயே நின்று அவள் ஒப்பிப்பதைக் கேட்பான். ஒரு நாள் ஆள் யாரும் இல்லாமல் தனியாகவே வந்தான்.

"இன்னா வேணும்?"

"அந்தப் பலகையில ஒண்ணு வுட்டுப்போச்சே" என்றான். "இன்னும் கல்யாணமே ஆவாதவங்களுக்கு இன்னா குடுக்கறது?"

வசுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களுக்கு ஒண்ணும் கெடயாது. அவங்க சும்மாதான் போவணும்."

அவன் சும்மா போகவில்லை. அடுத்த வருஷமே பதிவாளர் அலுவலகத்தில் சுபஹான் பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஹோட்டல் சமையல்காரர் முத்துசாமி போட்டார். மூன்றாவது சாட்சிக்கு ஆள் இல்லாமல் பெஞ்சமினோடு வேலை பார்த்த ஜான்சனை ஹோட்டலுக்கு போன் போட்டு வரவழைத்தார்கள். வசுமதி திரும்பி திருப்போரூர் போகவில்லை. போக முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும். முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த அப்பா, மகள் போய்ச் சேர்ந்த தெருவின் பெயரைக்கூட வாயால் சொல்லாதவர். ஒரே ஒரு தடவை வந்தார். பாய் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு இளநீர் குடித்தார். அவள் படியிறங்கி ஓடி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டார். குடித்த காயை இளநீர்க்காரர் இரண்டாக வெட்டிக் கொடுத்திருந்தார், அப்பா வழுக்கையைச் சாப்பிடாமலே போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஒத்தவாடைத் தெருவுக்குப் பின்னால் ஓர் அறை. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும், அந்த மூலையில் பாத்திரங்களை அடுக்கிவிடுவார்கள், கழுவின மாதிரி ஆயிற்று. மாலையில் அவள் கடையை விட்டு வருவதற்கும் அவன் ஹோட்டலுக்கு ஷிஃப்ட் போவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மணலில் உட்கார்ந்து சுண்டலோ மீனோ தின்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதாக நினைவில்லை. ஆனால் வசுமதிக்கு வாழ்க்கையில் எப்போது எந்த இடத்தில் மனசு நின்றுபோய்த் திரும்பிப் பார்த்தாலும் அந்த மணலும் அந்த ஒரு மணி நேரமும்தான் கண்ணுக்கு வரும்.

முதல் வருஷம் முடிந்த ஜூன் பதினான்காம் தேதி அவன் ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தான். ஹோட்டலில் விருந்தாளிகளுக்கு இலவசமாகத் தருகிற மாமல்லபுரம் வரைபடம். அதில் கலங்கரை விளக்கம், குகைக் கோயில், பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்து எழுதியிருந்தான். 'இங்கே நீ செருப்பைத் தொலைத்தாய்.' 'இங்கே என்னை முதல் தடவை திட்டினாய்.' 'இங்கே அழுதாய், நான் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்ததும் அழுகையை நிறுத்தினாய்.' இருபத்து நாலு புள்ளி.

இரண்டாவது வருஷம் தேதி வருவதற்கு முன்னாலேயே பருத்தி வந்துவிட்டது. அதுவரைக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தலையணை. மாசி மாசத்தில் ஒரு நாள் அவன் இன்னொன்று வாங்கி வந்தான். "ஜூன் வரைக்கும் காத்துகினு இருந்தா என் கழுத்து ஒடஞ்சிடும்" என்றான்.

ஜூன் வருவதற்குள் சாராள் வந்துவிட்டாள்.

*

சாராள் பெஞ்சமினின் அக்கா, அவனைவிடப் பத்து வயசு மூத்தவள். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவர், படுத்த படுக்கையாகிவிட்டார். மகன் கல்யாணத்தை ஆலயத்தில் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்றார். சாராள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அறை வாசலில் வந்து இறங்கினாள். அழவில்லை, திட்டவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் முடிவு செய்தாள்.

"ரிஜிஸ்டர் ஆயிடிச்சின்னு தெரிஞ்சா பாஸ்டர் சும்மா ஒரு ஜெபத்தப் பண்ணி வுட்டுடுவாரு. அப்பாவுக்கு அது பத்தாது. மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும், மணி அடிக்கணும், பொண்ணு வெள்ளப் பொடவையில நடந்து வரணும். அந்த ஆபீஸ் பேச்ச இனிமே யாரும் எடுக்கக்கூடாது. இன்னா பொண்ணு, நான் சொல்றது புரியுதா?"

இரண்டு வருஷமாகச் சொந்தம் என்று யாரும் வாசல் மிதிக்காத வீட்டில் ஒருத்தி வந்து நின்று பொண்ணு என்று கூப்பிட்டதே வசுமதிக்குப் போதுமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பிரிசில்லா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் நடந்தது. மூன்று ஞாயிறு ஆராதனையில், இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்று ஓலை வாசித்தார்கள். மே இருபத்தொன்பதாம் தேதி மணி அடித்தது. சபைப் பதிவேட்டில் மாப்பிள்ளை பெஞ்சமின், பிரம்மச்சாரி என்றும், மணப்பெண் பிரிசில்லா, கன்னிகை என்றும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவது நாள் உபதேசியார் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அதற்கப்புறம் எல்லாம் புதிதாக எண்ணப்பட்டது. அந்தச் சபையில் ஒரு வழக்கம். மாசத்தின் கடைசி ஞாயிறு, அந்த மாசம் கல்யாண நாள் வருகிற தம்பதிகளின் பெயரைப் போதகர் வாசிப்பார். ஜோடியாகப் பீடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், எத்தனை வருஷம் என்று மைக்கில் தாங்களே சொல்ல வேண்டும், சபை கை தட்டும், ஜெபம் நடக்கும். ஒவ்வொரு மே மாசமும் அவர்கள் போனார்கள். ஒன்று என்றார்கள், இரண்டு என்றார்கள். அந்த முதல் மே மாசம் பெஞ்சமின் அவளுக்கு மறுபடியும் காகிதம் கொடுத்தான், ஒரு டைரி. வசுமதி வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே ஒரு தடவை எழுதி முடித்த காகிதத்தை மறுபடி வெள்ளையாக நீட்டுகிறானே என்று அவளுக்குத் தோன்றியது.

பாயின் பலகைப்படிதான் எல்லாம் நடந்தது. ஐந்தாவது வருஷம் கல் என்று மாமல்லபுரத்துக்கே போய் ஒரு அம்மியைக் கொத்தி வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டுக் கொண்டுவந்து சேர்த்தான். இன்றைக்கும் சமையலறையில் கிடக்கிறது.

அன்று காலை வசுமதி இந்த அம்மிக் கதையைச் சொன்னபோதுதான் சிநேகா போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். "அம்மா! அஞ்சாவது வருஷம் மரம்மா. கல்லு எந்த லிஸ்ட்லயும் இல்ல. எட்டாவது வெண்கலம். சங்கா? சங்கெல்லாம் யாரு குடுக்கறாங்க?"

"பலகையில அப்டித்தான் எழுதியிருந்தது."

"அந்தக் கடையில விக்கறதாப் பாத்து எழுதிகீறாரு அந்த ஆளு! நீங்க அத வேதவாக்கா நம்பி அம்மி தூக்கினு வந்துகீறீங்க."

வசுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் மறுபடி அதே இடத்தில்தான் வந்து நின்றாள். "கல்லு பொய்யா இருக்கட்டும். இருபத்தஞ்சுக்கு வெள்ளி. அதுவாவது நெசந்தானே?"

சிநேகா போனைப் பார்த்தாள். "அது நெசந்தாம்மா" என்றாள்.

*

அன்று சாயங்காலம் சிநேகா வருவதற்கு முன்னால் பெஞ்சமின் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு இப்போது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பதிவேடுகளைப் பராமரிக்கிற வேலை. அந்த நேர்த்திக்காகவே நாலு வருஷமாகச் சபைக்கும் அவன்தான் செயலாளர்.

"வசு, அந்த ரிஜிஸ்டர் இப்ப எங்கிட்டதான் கீது. புதுசா ஒரு கல்யாணம் எழுதும்போதெல்லாம் பழைய பக்கத்தத் தாண்டித்தான் போவணும். பிரம்மச்சாரின்னு எழுதி அதுக்குக் கீழ என் கையெழுத்து. பீடத்துக்கு முன்னாடி போட்ட கையெழுத்து. அத நான் இப்ப பொய்யின்னு எப்டி சொல்லுவேன்? அக்கா மூஞ்சிய எங்க வச்சிக்கும்?"

"நான் அத அழிக்கச் சொல்லல."

"பின்ன இன்னா கேக்கற? ஸ்பூனா? நாளைக்கே வாங்கித் தரேன்."

"எனக்கு ஸ்பூன் வேணாங்க." வசுமதி சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "எங்கப்பாவ வுட்டுட்டு வந்தவ வசுமதி. பிரிசில்லாவுக்கு அப்பா இருந்தாரான்னுகூட இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. நான் என்னிக்கி எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தேனோ அந்த நாளு எந்தக் கணக்குலயும் இல்ல. அந்த ரெண்டு வருஷமும் இல்ல. அப்ப நாம எப்டி இருந்தோம்? புருஷன் பொண்டாட்டியா, இல்ல சும்மா இருந்தமா?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். வெளியே கேட் சத்தம் கேட்டது. சிநேகா வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவர்கள் அதைப் பேசவில்லை. பால் வாங்கினார்கள், கரன்ட் பில் கட்டினார்கள், ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

ஜூன் பதினான்கு சனிக்கிழமை வந்தது. பெஞ்சமினுக்கு அன்று டியூட்டி. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றான், பிறகு போய்விட்டான். வசுமதி கடையைத் திறக்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

ஒத்தவாடைத் தெரு முழுக்கக் கண்ணாடிக் கதவாகிவிட்டிருந்தது. அவர்கள் இருந்த அறை இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் எழும்பியிருந்தது. நின்று எண்ணிப் பார்த்தாள். படுத்திருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் இருக்கிறது என்று கணக்கு வந்தது. கல் பட்டறைகளில் மட்டும் அதே வெள்ளைத் தூசி, மெஷின் சத்தம்தான் புதிது. மணலில் போய் உட்கார்ந்தாள். தனியாக உட்கார்ந்திருக்கிற நாற்பத்தெட்டு வயது அம்மாவிடம் பாசிமணி விற்க மூன்று பேர் வந்தார்கள். கடல் மட்டும் ஒன்றும் விற்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் கைக்குட்டை எடுத்து வந்திருந்தாள்.

திரும்பும் வழியில் சுபஹான் பாயின் கடை. பாய் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கல்லாவில் அவருடைய மனைவி சுல்தான் பீவி உட்கார்ந்திருந்தார். பலகை இல்லை, அந்த இடத்தில் ஏசி மாட்டியிருந்தது. பீவி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு... வசுமதியா? அடியம்மா! இன்னா இப்டி பெருத்துட்ட?"

வீட்டுக்கு வெளியே ஒருத்தர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது! வசுமதி கல்லாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க உன் வூட்டுக்காரரு? அந்த ஓமக்குச்சி?"

"அவரும் பெருத்துட்டாரு பீவிம்மா. வேலைக்குப் போயிருக்காரு. இன்னிக்கி எங்க கல்யாண நாளு."

"எத்தினியாவது?"

"இருபத்தஞ்சு" என்றாள் வசுமதி. சொன்ன பிறகுதான், அந்த எண்ணை வெளி ஆளிடம் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறோம் என்பது உறைத்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"இருபத்தஞ்சா! அப்ப வெள்ளி." பீவிக்கு இன்னும் பலகை மறக்கவில்லை. "நம்ம கடையில வெள்ளி கெடயாது. அதான் அவரு இருபதோட போர்ட நிறுத்திட்டாரு. அதுக்கு மேல போனா நகக்கடைக்காரனுக்குத்தான் லாபம்னுவாரு. அர்த்தம் மட்டும் வச்சிருந்தாரு. வெள்ளிய அப்டியே வச்சிருந்தா கருத்துப்போவும், தேய்ச்சா பழையபடி வெளுக்கும், தேய்க்கத்தான் ஆளு வேணும்னு சொல்லுவாரு. ஆமா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வந்து அன்னிக்கி எல்லாரும் நம்ம வூட்லதானே சாப்ட்டீங்க? நெய்ச்சோறு ஆக்கினேன், அந்த முத்துசாமி எங்கிட்டயே வந்து உப்பு கம்மின்னான், கம்மனாட்டி. அவன் இன்னும் கீறானா?"

வசுமதி சிரித்தாள். அவ்வளவு நேரமும் வராத அழுகை அந்த உப்பைக் கேட்டதும் வந்துவிட்டது.

*

ஜூன் கடைசி ஞாயிறு. வசுமதி பெண்கள் பக்கம் வழக்கமான இடத்தில், சாராளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த மாசம் அவர்களுக்கு வேலை இல்லை. மே முடிந்தாயிற்று. முன் வரிசையில் பெஞ்சமின் செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த வாரம் இரண்டு சாயங்காலம் அவன் போதகர் வீட்டுக்குப் போய்த் தாமதமாக வந்தான். கமிட்டி வேலை என்று நினைத்து அவள் கேட்கவில்லை.

போதகர் சீட்டைப் பிரித்து வாசித்தார். முதல் ஜோடி போய் ஏழு என்றது. இரண்டாவது ஜோடி முப்பத்தொன்று என்றது, கை தட்டல் கொஞ்சம் கூடுதல்.

"பெஞ்சமின், வசுமதி" என்றார் போதகர்.

சபையில் பாதிப்பேர் வசுமதி யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "போன மாசந்தானே போனாங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். யாரோ சிரித்தார்கள். சாராள் சிரிக்கவில்லை. அவள் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"இன்னாடி இது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றாள் வசுமதி. அது உண்மை.

பெஞ்சமின் நடுவழியில் வந்து அவளுக்காக நின்றான். அவள் எழுந்து போனாள். இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். பெஞ்சமின் மைக்கை வாங்கினான். இருபத்து மூன்று வருஷமாக ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறவன் அவன்.

"போன மாசம் நான் இங்க நின்னு சொன்னது சபை ரிஜிஸ்டர்ல இருக்கற கணக்கு" என்றான். "அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நாங்க ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிகினோம். அத மறைச்சி, பிரம்மச்சாரின்னு இங்க கையெழுத்து போட்டேன். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். தப்பா எழுதினவன் ரிஜிஸ்டர வச்சிருக்கக் கூடாதுன்னு இன்னியோட செயலாளர் பொறுப்பையும் வுட்டுடறேன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். எங்க அக்காவ யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு, கையெழுத்து போட்டது என் கை." பிறகு மைக்கை அவள் பக்கம் நீட்டினான். "எத்தினி வருஷம்னு நீ சொல்லு, வசு."

அத்தனை பேருக்கு முன்னால் வசு என்றான். அவளுக்கு மட்டும் கேட்க வேண்டிய பெயரை ஒலிபெருக்கி நாலு சுவரிலும் போட்டு அடித்தது. செயலாளர் நாற்காலி காலியாக இருப்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள். அந்த நாற்காலி அவனுக்கு எவ்வளவு பெரிது என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு மட்டும் இரண்டு தடவை இஸ்திரி போடுகிறவன். இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவன் முகத்தில் கொடுத்துவிட்டு வருந்துகிறவனின் சாயல் இல்லை. சொல்லு என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தஞ்சு" என்றாள்.

கை தட்டல் உடனே வரவில்லை. ஒரு ஓரத்தில் சிநேகாதான் முதலில் ஆரம்பித்தாள், பலமாக. அப்புறம் சிலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை. போதகர் ஜெபம் செய்தார், மற்ற ஜோடிகளுக்குச் செய்ததைவிடக் கொஞ்சம் நீளமாக.

ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் டீ கொடுத்தார்கள். ஜனங்கள் அங்கங்கே கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், யாரைப் பற்றி என்று கேட்கத் தேவையில்லை. சிநேகா அப்பாவை இடித்து, "எல்லாம் சரி, வெள்ளி எங்கப்பா?" என்று கேட்டாள். பெஞ்சமின் நெற்றியில் அடித்துக்கொண்டான். அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தான்.

சாராள் டீயோடு வந்தாள். அறுபதைத் தாண்டியும் அவள் நடை அன்றைக்குக் காரிலிருந்து இறங்கிய அதே நடைதான். தம்பியைப் பார்க்கவே இல்லை. நேராக வசுமதிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"என் தம்பிய நாற்காலிய வுட்டு எறக்கிட்ட."

"ஆமா அண்ணி" என்றாள் வசுமதி.

"அப்பாவுக்காகப் பண்ணேன். அவரு போயி இத்தினி வருஷமாச்சி. அப்பவாவது யாராச்சும் எங்கிட்ட வந்து, போதும்க்கா, சொல்லிடலாம்னு சொன்னீங்களா?" டீயை ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, டீ சூடாக இருந்ததால் அல்ல. பிறகு கேட்டாள், "அந்த ரெண்டு வருஷம் அந்த ரூம்ல எப்டிதான் இருந்தீங்க? நான் வந்து நின்னேனே, ஒரு நிமிஷம், அதோட சரி. ஒரு நாளும் சொன்னதில்லயே நீ."

அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொன்னவளே கேட்கிறாள். வசுமதி வாய்க்கு வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

"குளிக்கற எடத்துக்குக் கதவே கெடயாது அண்ணி. ஒரு கோணி தொங்கும். நான் குளிக்கும்போது இவரு வெளிய காவல் நிக்கணும், உள்ள ஆள் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியறதுக்குப் பாடிகினே இருக்கணும்."

"இவனா? சர்ச்சுல பாட்டு புக்க தொறந்து வச்சிகினு வாய மூடிகினு நிப்பானே, இவனா பாடுவான்?"

"தெருவே கேக்கும் அண்ணி."

"இன்னா பாட்டு?"

வசுமதி பெஞ்சமினைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான். சிநேகா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தாள். வசுமதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாராளின் காதருகே குனிந்து, மெதுவாகப் பாட ஆரம்பித்தாள்.